தோல் சீவாத இஞ்சி

மார்ச் 3. காலைத் தேநீரில் இஞ்சி இல்லை என்று அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வடிகட்டியில் இஞ்சிச் சக்கை கிடந்தது. தவறு என்னுடையது.

மிட்டாய்க் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவள் தன் நோட்டில் எழுதியது இது. அவள் நாக்கு காலத்துக்கு ஓராண்டு முன்னால் ஓடியது. எதை வாயில் வைத்தாலும், அடுத்த வருடம் அதே நாளில் அதன் இடத்தில் எது இருக்குமோ அதன் ருசிதான் வரும். சேர்ந்த புதிதில் எலுமிச்சை மிட்டாயைச் சப்பிவிட்டுக் கொய்யாவும் மிளகாயும் என்று எழுதி, கவனமில்லாதவள் என்று பேர் வாங்கினாள். மறு வருடம் கடைக்குக் கடை கொய்யா மிளகாய்தான் கேட்டார்கள். பிறகு உப்புப் போட்ட கேரமல், பிறகு செம்பருத்தி, பிறகு கரி கலந்த கறுப்பு மிட்டாய். முதலாளி அவளுக்குத் தனி அறையும் மின்விசிறியும் கொடுத்தார். அவளோ ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை சப்பிப் பார்த்த பிறகும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டே கொடுத்தாள்.

வீட்டில் தேநீர் கணவரின் இலாகா. தையல் மெஷினில் உட்காருமுன் இஞ்சியைக் கழுவி, தோலோடு நசுக்கிப் போடுவார். முன்பு ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்த இரண்டு நாள் மட்டும் அவள் போட்டாள், இஞ்சியே இல்லாமல். இப்போது ஒரு வாரமாக நாக்கில் வந்தது அந்தத் தேநீர்தான். அடுத்த வருடம் அடுப்படியில் தன் கைதான் என்று அவளுக்குப் புரிந்தது. உயிர் இருக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். தேநீர் மாறவில்லை.

"ஏங்க, இஞ்சி எவ்வளவு போடுவீங்க?"

"கட்டைவிரல் நுனி அளவு. என்ன, என் வேலைக்கு உலை வைக்கிறியா?"

"தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

"ஊருக்கே ருசி சொல்றவளுக்கு ஒரு டீ போடத் தெரியல," என்று சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார். அவள் அளவை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் நீட்டிய டம்ளரில் இஞ்சி திரும்பி வந்திருந்தது. அவசரப்படாமல் மூன்று வாய் குடித்தாள். காரம் சரி, அளவு சரி. தோலின் மண்வாசம் மட்டும் இல்லை. அவள் எதையும் தோல் சீவாமல் போடுகிறவள் இல்லை.

"இன்னைக்காவது இஞ்சி இருக்கா?"

"இருக்குங்க. நல்லா இருக்கு."

அதற்கு மேல் அவள் தன் நாக்கோடு வழக்காடவில்லை. அன்று கம்பெனியில் கொடுத்த தாள்களில் கேள்விக்குறி எதுவும் இல்லை.

மார்ச் 12. இஞ்சி அளவு சரி. நாளை: ஆரஞ்சு மிளகு, எட்டு மாதிரி. காலையில் அவர் இஞ்சி நசுக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். தோல் சீவக் கூடாது.