ஞானையா வீட்டுக் கடிகாரம்

அந்த எழவெடுத்த கேம் லாஞ்சர் ஏழாவது தடவையும் திறக்கவில்லை. ரீபா அதன்மேல் இரண்டு முறை சொடுக்குவாள். திரை நடுவில் சின்னப் பெட்டி ஒன்று எழும்பும், அதற்குள் ஒரு வட்டம் சுற்றும், பிறகு வந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடும். என்ன கோளாறு என்று ஒரு வரி சொன்னால்தான் என்ன? வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறது?

வேறொரு நாளாக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். இன்றைக்கு முடியாது. லாஞ்சர் திறந்தால்தான் விளையாட்டு திறக்கும். விளையாட்டு திறந்தால்தான் அண்ணன் எஸ்றாவோடு பேச முடியும். அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். மூன்று வருஷமாகப் பாளையங்கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். தங்கையிடம் கொடுத்தால் அப்பா கைக்குப் போய்விடும் என்று அவளுக்கும் கொடுக்கவில்லை. துறைமுகத்தில் நெட் கிடைக்கும் நாளில், விளையாட்டுக்குள் இருவருமாகச் சேர்ந்து போட்ட பண்ணைக்கு வருவான். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே நாலு வார்த்தை தட்டுவான். உறவு என்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

போன வாரம் தட்டியிருந்தான்: "சனிக்கிழமை கொழும்புல நிப்போம். அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் வருவேன். பொறவு மூணு மாசம் கடல்தான்."

ரீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது இந்தப் புதன்கிழமை. ஜனவரியில் வைத்திருக்கிறார்கள். எஸ்றாவுக்கு அது தெரியவே தெரியாது. கப்பல் கிளம்புமுன் லீவுக்கு எழுதிக் கொடுத்தால்தான் ஜனவரியில் இறங்கலாம். ஆக, இந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லி, கெஞ்சியோ சண்டை போட்டோ அவனைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். அதில் இருபது நிமிஷம் ஏற்கெனவே மண்ணாய்ப் போயிற்று.

லாஞ்சரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தாள். ஆன்டிவைரஸை நிறுத்தினாள். மோடத்தைப் பிடுங்கி மாட்டினாள். வட்டம் சுற்றியது, மறைந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏளா ரீபா, மணி ஆறாவப் போவுது. லைட்டப் போடு," என்று ஹாலில் இருந்து அப்பா ஞானையாவின் குரல் வந்தது.

ஆறும் ஆகவில்லை, அறுபதும் ஆகவில்லை. மணி ஐந்தரைகூட இல்லை. அந்த வீட்டில் எல்லாக் கடிகாரமும் அரை மணி முன்னால் ஓடும். அப்படி வைத்தால்தான் மனுஷன் நேரத்துக்குப் போவான் என்பது ஞானையா சட்டம். ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம், ரிட்டயராகியும் தெளியவில்லை. எதைப் பார்த்தாலும் அரை மணி கழித்துக்கொள்வது ரீபாவின் கண்ணுக்கே பழகிவிட்டது.

கடைசியில் மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இர்ஷாத் பாய்க்குப் போன் போட்டாள். செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் பண்ணிருக்கம்மா," என்றார் அவர். "கீழ மூலையில மணி என்ன காட்டுது, பாரு."

"அஞ்சு அம்பத்தெட்டு, பாய்."

"என் போன்ல அஞ்சு இருவத்தெட்டுல்லா."

 இவ்வளவு நேரமும் ரீபா அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழித்துக் கழித்துப் பார்த்ததில், அது தப்பு என்றே தோன்றவில்லை.

"நேரம் தப்பா இருந்தா சில லாஞ்சர் உள்ள விடாதும்மா. இன்னும் வராத நேரத்துல இருந்து ஒருத்தன் வந்து கதவத் தட்டினா எவன் நம்புவான்? மாத்து, தெறந்துரும்."

அவள் ஹாலுக்குப் போனாள். ஞானையா கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்யூட்டர்ல மணிய மாத்தினீங்களா?"

"ஆமா. நேத்து இந்த லிஸ்ட அடிக்கையில பாத்தேன், அரை மணி பின்னால ஓடுச்சு. சரி பண்ணி வச்சேன்."

"சரி பண்ணி வச்சீங்களா," என்றாள் ரீபா.   "அண்ணன் ஆறு மணி வரைக்குந்தான் இருப்பான். பொறவு மூணு மாசத்துக்கு ஆளப் பிடிக்க முடியாது. நீங்க சரி பண்ணினதுல பாதி நேரம் போச்சு."

"என் வீட்டு நேரத்த நான் வச்சேன். அதுல என்ன தப்பு?"

"அம்மாவ எடுத்த அன்னைக்கும் உங்க வீட்டு நேரந்தான். நாலு மணிக்கு எடுக்கோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு மூணரைக்கு எடுக்கச் சொன்னீங்க. நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில அவன் வந்தான். வீடு காலியா கெடந்துச்சு. கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வாரதுக்குள்ள பெட்டி மேல மண்ணு விழுந்தாச்சு. பெத்த தாய் மொகத்த அவனுக்குக் காட்டல நீங்க."

"வெயில்ல சனம் நின்னுச்சுல்லா," என்றார் ஞானையா. மூன்று வருஷமாக அவரிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

அன்றைக்கு, இன்னும் அரை மணி இருக்கிறது என்று தெரிந்தும் ரீபா வாயைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் இன்று வெடித்தது. அதற்குமேல் நின்றால் இன்னும் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று திரும்பி வந்து மணியை மாற்றினாள். லாஞ்சர் ஒன்றும் நடக்காததுபோல் திறந்தது. திறந்ததும் அப்டேட் கேட்டது. அதையும் வைதுகொண்டே காத்திருந்தாள்.

ஐந்து ஐம்பதுக்குப் பண்ணை வந்தது. திரையில் எஸ்றாவின் பொம்மை ஆள் கொட்டிலில் நின்றான்.

"எங்க போன? கெளம்பப் போறேன்."

"அப்பா கம்ப்யூட்டர்லயும் அரை மணி தள்ளி வச்சுட்டாங்க. அதான் திறக்கல. அண்ணே, எனக்குக் கல்யாணம். ஜனவரியில. நீ வரணும்."

அவன் ஆள் மாட்டுக்குப் போட வைக்கோல் கட்டைத் தூக்கினான்.

"சந்தோசம் ரீபா. ஆனா அந்தக் கடிகாரம் இன்னும் அப்படியே இருக்குல்லா. நான் எப்ப வந்தாலும் அங்கன நேரம் கடந்துதான் இருக்கும்."

முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. ஞானையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். ரீபா திரும்பவில்லை. அவர் பைய ஹாலுக்குப் போனார். நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது.

"இப்ப மணி என்னளா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"சரியான மணியக் கேக்கேன்."

"அஞ்சு அம்பத்திநாலு."

அவர் நாற்காலி மேல் ஏறி, கடிகாரத்தை ஆணியில் இருந்து எடுத்து, பின்பக்கத் திருகைத் திருப்பினார்.  ரீபா உதவப் போகவில்லை. அவரே மாற்றட்டும்.

"ஹால் கடிகாரத்த அப்பா திருப்புதாங்க," என்று தட்டினாள்.

எஸ்றா உடனே தட்டினான்.

"மணி என்ன காட்டுது?"

எட்டிப் பார்த்தாள். "அஞ்சு அம்பத்தஞ்சு."

"எனக்கும் அதான். லீவுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்."

வைக்கோல் கட்டு தரையில் கிடந்தது. அவனைக் காணவில்லை.

"என்னளா சொன்னான்?" ஞானையா நாற்காலி மேலேயே நின்றார்.

"லீவு கேக்கப் போயிருக்கான். எறங்குங்க. அடுப்படியில இன்னொண்ணு இருக்கு."