வளையலுக்குக் கீழே

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். என் மகன் பாஸ்கர், மருமகள் பிரபாவதி, ஒன்பது வயதுப் பேத்தி சந்திரகலா, அவளுக்கு இசைச் சிகிச்சை தரும் வாணியம்பாடிக்காரி ஹபீபுன்னிசா, உதவித்தொகை அமைப்பிலிருந்து விசாரிக்க வந்த மக்தூம் என்ற இளைஞர், நான். பின்னால் வேறு சிலரும் தாங்கள் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இல்லை.

2007 ஜனவரி. துபாயில் தேராவிலிருந்து ஹபீபுன்னிசாவின் சிகிச்சை அறைக்குக் கிளம்பும்போது மூடுபனி கட்டடங்களின் கீழ்ப்பாதியைக் கரைத்துவிட்டிருந்தது. மேல்மாடிகள் மட்டும் மிதந்தன. கழிமுகத்தில் படகுகள் தெரியவில்லை, அவற்றின் மோட்டார் சத்தம் மட்டும் வெண்மைக்குள்ளிருந்து வந்தது. சந்திரகலா காரில் அதே சுருதியில் முனகிக்கொண்டே வந்தாள்.

சிகிச்சைக்கு இனிமேல் பணம் கட்ட பாஸ்கரால் ஆகாது. அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டால் இன்னும் ஒரு வருடம் நடக்கும். மறுத்தால் அந்த வாரத்தோடு நின்றுவிடும்.

காலையில் நான்தான் அவளுக்குப் பட்டுப் பாவாடை கட்டச் சொன்னேன். இரண்டு கைக்கும் டஜன் டஜனாக மெட்டல் வளையல் போட்டுவிட்டேன்.

"பொண்ணு பார்க்கவா வர்றாங்க மாமா?" என்றாள் பிரபாவதி.

"யார் வந்தா என்ன? நம்ம வீட்டுப் பிள்ளை லட்சணமா இருக்கணும்."

மக்தூம் மரியாதையானவர். ஆங்கிலத்தில் கேட்டார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பிள்ளையும் மருமகளும் வாய் திறக்குமுன் நானே பதில் சொன்னேன்.

"தானாகச் சாப்பிடுவாளா?"

"சாப்பிடுவாள்."

"பிடிவாதம், அலறல்?"

"எங்கள் குடும்பத்தில் கிடையாது."

"தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வாளா?"

"இல்லை."

பாஸ்கர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மக்தூம் பேனாவை மூடினார். "கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது ஐயா. இவளைவிடத் தேவை அதிகமுள்ள நாலு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்."

பிரபாவதி தமிழில் சொன்னாள்: "குடும்பப் பேரைக் காப்பாத்திட்டீங்க மாமா. பிள்ளைய யாரு காப்பாத்துறது?"

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

சந்திரகலாவின் கை வாய்க்கு ஏறியது. பற்கள் வளையலில் பட்டுக் கிணுகிணுத்தன. ஹபீபுன்னிசா மடியிலிருந்த தப்ஸ் பறையை விரல் நுனியால் ஒரு முறை தட்டினாள். முறம் அகலத் தோலிலிருந்து எழுந்த அந்த ஒலி மெல்லப் பரவி, சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. பேத்தியின் கை பாதி வழியில் நின்றது. இன்னொரு தட்டு. கை இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனி நகர்ந்ததா, அறைதான் நகர்ந்ததா, தெரியவில்லை. கரை தெரியாத படகில் நாங்கள் ஆறு பேரும் போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனோம் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

நாற்காலியை விட்டு இறங்கிக் கம்பளத்தில் உட்கார்ந்தேன். எந்த அதிகாரி முன்னாலும் நான் தரையில் உட்கார்ந்தவன் அல்ல. பேத்தியின் வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளினேன். மணிக்கட்டைச் சுற்றிப் பல் தடம், காய்ந்ததன்மேல் புதியது.

"இது நேற்றுக் கடித்தது. இது அதற்கு முன்தினம். நான் சொன்ன மூன்று பதிலும் பொய்" என்றேன். "பொய் மனுக்களை நானே எத்தனையோ தள்ளியிருக்கிறேன். ஆனால் இந்தப் பொய் என்னுடையது. இவளுடையது அல்ல."

மக்தூம் சிறிது நேரம் அந்த மணிக்கட்டையே பார்த்தார். பிறகு வெள்ளை அங்கியை ஒதுக்கிக்கொண்டு அவரும் கம்பளத்தில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"முதல் கேள்வியிலிருந்து வருவோமா?"

இந்த முறை பிரபாவதி பதில் சொன்னாள். நான் குறுக்கிடவில்லை. தப்ஸ் ஓயவில்லை. நடுவில் சந்திரகலா என் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தோலின்மேல் வைத்தாள். உள்ளங்கைக்குள் ஏதோ உயிருள்ளது அசைந்தது.

இரண்டு வாரத்தில் சம்மதக் கடிதம் வந்தது.

அன்று சந்திரகலா என்னைத் "தாத்தா" என்று கூப்பிட்டதாகவும், அதைக் கேட்டு மனமிளகித்தான் உதவி தந்தார்கள் என்றும் ஷார்ஜா வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அவள் கூப்பிடவில்லை. இன்றுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை.