மூன்றடி ஒயரில் ஒரு நட்சத்திரம்

எடைமேடையில் லாரிகளை எடைபோட்டு அனுப்புகிறவருக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவரே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். யோசித்து முடிப்பதற்குள் கண் செருகிவிடும். அவ்வளவு அசதி.

சம்பந்தம் ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. எங்கோ ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி வானத்தின் இரைச்சலை மலைமலையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதற்குள் சீராகத் துடிக்கிற நட்சத்திரங்கள் ஒளிந்திருக்கலாம். எல்லாவற்றையும் அலசிப் பார்க்க விஞ்ஞானிகளிடம் போதிய கம்ப்யூட்டர் இல்லை. அதனால் இரைச்சலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற தன்னார்வலர்களுக்கு இணையத்தில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பொட்டலமும் முன்பின் தெரியாத இரண்டு பேருக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். எடைக்காரர் இதில் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய கம்ப்யூட்டர் பெட்டி ஒரு நிமிடம் ஓய்ந்ததில்லை.

அது விட்ட சூட்டில் மழைக்காலத்தில் மாடிவீட்டார் துணி உலர்த்தினார்கள். எதிர்வீட்டுப் பூனை அதன்மேல் நான்கு முறை குட்டி போட்டது. ஐந்தாம் முறை ஈரத்துணி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கோபித்துக்கொண்டு போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த விசிறியோ மேடேறும் லாரி மாதிரி உறுமும். எடைக்காரர் காதில் அது விழுவதில்லை. பகலெல்லாம் நிஜ லாரிகளோடு இருப்பவர் அவர். விழுந்ததெல்லாம் அவர் மனைவி காதில். அவள் நர்ஸ், இரவு டியூட்டி, பகலில்தான் தூக்கம். வீடோ ஒரே அறை.

அந்தத் திங்கட்கிழமை ஒரு தகவல் வந்தது. அவருடைய பெட்டியும் இன்னொருவருடையதும் ஒரே பொட்டலத்தில் ஒரு துடிப்பைக் கண்டிருக்கின்றன. இருவரும் இன்னொரு முறை, இன்னும் நுணுக்கமாக அலசி வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். புது நட்சத்திரம் என்று உறுதியானால் கண்டவர்கள் பட்டியலில் பெயர் வரும். எடைக்காரர் பெயர் அதுவரை அச்சில் வந்தது ஒரே ஒரு முறை, கல்யாணப் பத்திரிகையில்.

அன்று மதியத்திலிருந்து விசிறியின் உறுமல் இரண்டு மடங்கானது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவி டியூட்டி முடித்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, நாலு நாளா நான் தூங்கல. ராத்திரி வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். ஏழாம் நம்பர் நோயாளி எழுந்து வந்து, அவர் கட்டில்ல என்னைப் படுக்க வெச்சுட்டு, அவர் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். இன்னைக்கும் ராத்திரி டியூட்டி."

"பன்னெண்டு மணி வரைக்கும்தாம்மா."

"பன்னெண்டு மணிக்கு நீங்க என்னை எழுப்பி 'இனிமே தூங்கு'ன்னு சொல்வீங்களா? அணைங்க."

அணைத்தால் எல்லாம் போச்சு. வேலை நடக்க நடக்க அந்தப் பெட்டி பாதிக் கணக்கை அவ்வப்போது டிஸ்கில் எழுதி வைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் எடைக்காரர், கிழட்டு டிஸ்க் எழுதியெழுதித் தேய்ந்துவிடக் கூடாதே என்ற இரக்கத்தில், வாரத்துக்கு ஒரு தடவை எழுதினால் போதும் என்று அதற்கு உத்தரவு போட்டிருந்தார். இப்போது அணைத்தால் நாலு நாள் உழைப்பும் காற்றில்.

மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். லிப்ட் மெக்கானிக். பத்து மாடி ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவன்.

"மாப்ளே, இதை ஓட ஓடவே என் எடைமேடைக்குக் கொண்டு போகணும். கரண்ட் போனா தாங்குற யுபிஎஸ் பெட்டி இருக்கு. இருபது நிமிஷம் வரும்."

"நடந்தா எவ்வளவு நேரம் மாமா?"

"இருபது நிமிஷம்."

"லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க எல்லாம் உங்களை மாதிரிதான் தைரியமா இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் யுபிஎஸ்ஸைத் தூக்கினான்.

எடைக்காரர் கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவே மூன்றடி ஒயர். ஒருவர் தும்மினால் இன்னொருவரும் நிற்க வேண்டும். உறுமிக்கொண்டே வந்த ஊர்வலத்துக்கு பஸ் வழிவிட்டது. ஓர் அம்மாள், "பாவம், உயிர் இருக்கா?" என்று கேட்டாள். எடைக்காரர், "இருக்கு, பன்னெண்டு மணி வரைக்கும்" என்றார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

முக்கால் தூரம் வந்ததும் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"மாமா, இது சாகப் போகுது."

பக்கத்தில் இருந்தது ஒரு முடிதிருத்தும் கடை. உள்ளே நுழைந்தார்கள்.

"ஒரு பிளக்கு வேணும்" என்றார் எடைக்காரர், மூச்சிரைக்க.

கடைக்காரர் அவர்களையும் ஒயரையும் பெட்டியையும் பார்த்தார். "பிளக்கு நாற்காலியோட சேர்ந்தது. உட்கார்றவங்களுக்குத்தான்."

"உட்கார்றேன்."

"கூட வந்தவர்?"

மச்சினனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அவன் தொப்பியைக் கழற்றிக் காட்டினான். கடைக்காரர் சற்றும் அசராமல், "மீசை இருக்குல்ல" என்றார்.

பெட்டி பிளக்கில் ஏறியது. மச்சினனின் செல்போனிலிருந்து இணையம் கொடுத்தார்கள். கண்ணாடியை ஒட்டி வைத்த பெட்டியின் முகப்பிலிருந்த சின்னத் திரையில் தொண்ணூற்றாறு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. எடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. தலையில் தண்ணீர் தெளித்தார்கள். ஆறு வருடத்தில் அவர் இப்படிச் சாய்ந்ததே இல்லை. கத்தரி நாலு முறை கிச்கிச் என்றது. ஐந்தாவது அவர் காதில் விழவில்லை.

விழித்தபோது மணி பன்னிரண்டரை. தலை மொட்டை.

"நீங்க எழுந்திருக்கல. நான் நிறுத்தல" என்றார் கடைக்காரர். "அப்புறம் அந்தப் பெட்டியில பச்சையா என்னவோ வந்துச்சு. போயிடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"காதோரம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

மச்சினன் மீசையில்லாத முகத்தைத் தடவிக்கொண்டே, "பதினொண்ணு ஐம்பத்தெட்டுக்கு விடை போயிடுச்சு மாமா. எழுப்பினேன். 'லாரியை ஓரங்கட்டு'ன்னு சொன்னீங்க" என்றான்.

பெட்டி அந்தக் கடையிலேயே தங்கிவிட்டது. அதன் சூட்டில் சவரத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதாகச் சொல்லிக் கடைக்காரர் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. டியூட்டி முடிந்து வந்த மனைவியிடம் எடைக்காரர் செல்போனை நீட்டினார்.

"என்னவாம்?"

"ரெண்டு விடையும் அச்சு அசலா ஒத்துப்போச்சு. நட்சத்திரம் நிஜம்தான். ஆனா இருபது வருஷத்துக்கு முன்னாடியே எவனோ கண்டுபிடிச்சிட்டானாம். சரிபார்த்துக் கொடுத்ததுக்கு நன்றியாம். பேரு கிடையாது."

அவள் செருப்பைக் கழற்றினாள், கடிகாரத்தைக் கழற்றினாள், பாயில் உட்கார்ந்தாள்.

"எங்க வார்டுல ஊசி மருந்தை ஒருத்தி எடுத்தா, இன்னொருத்தி பார்த்துக் கையெழுத்துப் போடணும். அப்பதான் ஊசி போடலாம். ரெண்டாவது கையெழுத்து நான்தான், பதினாறு வருஷமா. எந்தப் பட்டியல்ல என் பேரு வந்துச்சு?"

"வரலையே."

"யாராவது செத்தாங்களா?"

"இல்லையே."

"அதான்" என்று படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். "திரையை இழுத்து விட்டுட்டுப் போங்க. வெயில் அடிக்குது."

அவர் சத்தமில்லாமல் திரையை இழுத்து மூடினார். கதவைச் சாத்திவிட்டு, அடுத்த பொட்டலம் எத்தனை சதவீதம் ஆகியிருக்கிறது என்று பார்க்கச் சவரம் செய்துகொள்ளப் போனார்.