துணைக்குப் போன திருகாணி

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கை வீட்டு வண்டி ஷெட்டில், சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நான் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. நான் தேடிக்கொண்டிருந்தது வேறு பொருள். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் பாதி நாள் போயிற்று.

"உலோகம் தரையைத் தொடும் அந்த மெல்லிய ஓசையில் ஒரு—"

(வேண்டாம். விழுந்த ஓசையே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேடல் எதற்கு, கதைதான் எதற்கு?)

"முதிய மெக்கானிக் தன் நடுங்கும் விரல்களால்—"

(எந்த மெக்கானிக்? கதை என்று பேனாவை எடுத்தாலே ஒரு பெரியவரைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிடுகிறது என் கை. ஐயா, போய் வாருங்கள், இங்கே உங்களுக்கு வேலை இல்லை.)

என் தங்கையின் கையிலிருந்து ஒரு கிளிப் தெறித்து விழுந்தது.

இது போதும்.

2

வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஏரி, கிணறு, குழாய் என்று மோட்டார் சைக்கிளில் சுற்றி, புட்டியில் தண்ணீர் பிடித்து வருவாள். ஒருநாள் மணலில் சறுக்கி விழுந்தாள். கால் முறிந்தது. எலும்பு சேர்ந்த பிறகு அவளை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள், வண்டி ஷெட்டில் தூசி தின்றது. அன்றிலிருந்து அவள் பேச்சு பாதியாகக் குறைந்துபோனது.

அவள் கணவருக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பயம்.

"அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு தடவை உட்கார்ந்தது போதும். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றார்.

"என்னாலயும் காலம் பூரா மேசையில உட்கார முடியாது" என்றாள் இவள்.

சண்டை முற்றி ஓர் ஒப்பந்தத்தில் நின்றது. ஞாயிறு மாலைக்குள் அவளே வண்டியைக் கிளப்பிவிட்டால் வண்டி அவளுக்கு. கிளம்பாவிட்டால், பழைய வண்டி வாங்குபவர் டெம்போவோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார். வீம்புக்கு இவளும் சரி என்றுவிட்டாள்.

எனவே வாசகரே, கிளிப் கிடைத்தால் வண்டி இருக்கும், கிடைக்காவிட்டால் வண்டி போய்விடும். இந்தக் கதையில் இவ்வளவுதான் சிக்கல். வேறு தத்துவம் எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை.

3

எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டருக்குள் ஓர் ஊசி உண்டு. அதன் கழுத்தைக் கவ்விப் பிடிப்பது அந்தக் கிளிப். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அது இல்லாவிட்டால் ஊசி நிற்காது. ஊசி நிற்காவிட்டால் பெட்ரோல் கண்டபடி பாயும். புதிதாக வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் இல்லை.

"அசையாதே! அக்கா, தூக்கின காலைக் கீழே வைக்காதே!"

"எவ்வளவு நேரம்டி ஒத்தைக் கால்ல நிக்கிறது?"

"கொக்கு நிக்கலை?"

விளக்குமாறு போட்டாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தாள். இரும்புத்தூளும் ஒரு துருப்பிடித்த ஆணியும் வந்தன. பிறகு எழுந்து உட்கார்ந்து என் காதையே பார்த்தாள்.

"என்னடி?"

"காணாமப் போனதைத் தேடணும்னா, அதே அளவுல இன்னொண்ணை அதே இடத்துலேர்ந்து விடணும்க்கா. அது எந்தப் பக்கம் துள்ளுதோ, இதுவும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். நான் எப்பவும் அப்படித்தான் தேடுவேன். உன் திருகாணியைக் கழட்டு."

"தங்கம்டி!"

"ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கப்போறோம். எங்கே ஓடிடும்?"

கழற்றிக் கொடுத்தேன். கிளிப் நழுவிய அதே உயரத்தில் பிடித்து விட்டாள். ஒரே ஒரு 'டிங்'. அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எங்கே போச்சு?" என்றாள்.

"நீதானே பார்க்கிறேன்னே?"

"விடுற கை ஆடக்கூடாதுன்னு நான் கையைப் பார்த்தேன். நீ எதைப் பார்த்தே?"

"உன்னைத்தான். எவ்வளவு நாளாச்சு நீ இப்படி அதிகாரம் பண்ணி, அதான்."

உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன.*

*இந்த வரிகளை எழுதும்போது என் காதுத் தோட்டைப் பின்னால் தாங்கி நிற்பது, பெட்ரோல் குழாயில் வாண்டு நறுக்கித் தந்த ஒரு துண்டு. பிடிமானத்தில் குறை சொல்ல முடியாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

4

அவள் கணவரை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். எழுத எழுத மனிதர் ஒத்துழைக்கவில்லை. வில்லன் என்றால் "என் திருகாணி!" என்று நான் போட்ட கூச்சலுக்குச் சோற்றுக் கையோடு ஓடி வருவாரா? மீசையை எடுத்துவிட்டேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். எறும்புத்தலை போன்ற திருகுகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிற கண். கையைக் கழுவிக்கொண்டு வந்து மண்டியிட்டார்.

"நான் அக்காவோட திருகாணியைத்தான் தேடறேன். உன் கிளிப்பை இல்லை."

"உங்களை யார் தேடச் சொன்னா?" என்றாள் இவள், நிமிர்ந்து பார்க்காமலே.

ஒரே தரையில் இரண்டு தேடல்கள். நான் இரண்டுக்கும் நடுவில்.

5

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் தங்கையிடம் கொடுக்க வேண்டும். நினைவு வைத்துக்கொள்ளவும்.)

கிளிப் அவருக்குத்தான் முதலில் கிடைத்தது. சுவரோரம் சாக்குப்பைக்கு அடியிலிருந்து நக நுனியில் எடுத்தார். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே மழைநீர்க் குழியின் இரும்புச் சல்லடை மூடி. விரலை விரித்தால் போதும். வண்டி போய்விடும், அவருடைய பயமும் போய்விடும். 'தம்பி, வேண்டாம்' என்று கத்த நினைத்தேன்.

அந்தப் பக்கம் வாண்டு, முறிந்து சேர்ந்த காலை நீட்டிப் போட்டு, ஒருக்களித்துப் படுத்தபடி தேடிக்கொண்டிருந்தாள். "வாடா கண்ணு, எங்கேடா போனே? வந்துடுடா தங்கம்" என்று கிளிப்பைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே கிளிப்பைச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு சத்தமில்லாமல் நகர்ந்து போய், அவள் கை அடுத்து வரப்போகிற இடத்தில் அதை வைத்துவிட்டு, திரும்பி வந்து திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

"கிடைச்சிருச்சு! அக்கா, கிடைச்சிருச்சு!"

பிறகு குழாயடியில் அவர் என்னிடம் சொன்னார்: "இதை எங்கேயும் எழுதிடாதீங்கக்கா. அவளே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்."

எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிறவர்களிடம் ரகசியம் சொல்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

6

மாட்டினாள், முடுக்கினாள், உதைத்தாள். இருமியது. மறுபடி உதைத்தாள். நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பிய அதே நேரத்தில் டெம்போவும் வாசலுக்கு வந்து நின்றது.

அவள் கணவர் போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். வண்டிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மன்னிச்சுக்குங்க, வண்டி விக்கிறதா இல்லை" என்று எழுதினேன். கடைக்காரர் பேச்சு மாதிரி இருந்தது. "என் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா" என்று எழுதினேன், சினிமாத்தனமாக இருந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன். ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு டெம்போவைப் பின்னால் எடுத்தார்.

இவள் தெருமுனைவரை ஓட்டிப் போனாள். அங்கிருந்து அவள் திரும்பாமல் அப்படியே ஏரிவரை போவதாக ஒரு முடிவு எழுதினேன். மறுபடி சறுக்கி விழுவதாக இன்னொன்று. (அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கதைக்காகக்கூட அவளை விழவைக்க மனசு வரவில்லை.) நடந்தது இதுதான்: திரும்பி வந்தாள், முகமெல்லாம் பல். அதுவரை வாசல் கதவுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர், "ஹெல்மெட் பட்டையைச் சரியா மாட்டலை" என்று மட்டும் சொன்னார்.

7

தாள்களைப் படித்துவிட்டு வாண்டு கேட்டாள்: "நாலுக்கு அப்புறம் ஆறா? உனக்கு எப்பக்கா கணக்கு வந்திருக்கு!"

பகுதியை எடுத்தவள் எண்ணை மாற்ற மறந்திருக்கிறேன். சமாளித்துப் பார்த்தேன். விடவில்லை, கையை நீட்டினாள். ஐந்தைக் கொடுத்தேன்.

படித்து முடித்துத் தாளை மடித்தாள். பிறகு, "தெரியும்க்கா" என்றாள்.

"எப்படிடி?"

"அந்த இடத்தை நான் ஏற்கெனவே தடவிப் பார்த்தாச்சு, அங்கே ஒண்ணுமே இல்லை. அதோட, என் கையிலேர்ந்து தெறிக்கும்போது அது ஒரே பிசுக்கு. கிடைச்சப்போ பளபளன்னு கிடந்துச்சு. இந்த வீட்டுல எதையும் சட்டை நுனியில துடைச்சுட்டுக் கீழே வைக்கிற ஆள் ஒருத்தர்தானே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே. நானே கண்டுபிடிச்சதா நான் நம்புறேன்னு நினைச்சு சந்தோஷப்படட்டும்."

8

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். வாசலில் வண்டிச் சத்தம். முன்னால் அவள், பின்னால் அவர், அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி. அவர் மட்டும் இறங்கி உள்ளே வருகிறார்.

"கதை எழுதிட்டீங்களாமே அக்கா, குடுங்க, படிக்கிறேன்."

அவரும் சொல்லாதே என்றார், அவளும் சொல்லாதே என்றாள். ஐந்தையும் ஏழையும் உருவிவிட்டுக் கொடுத்தால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் ரகசியம் காத்துக்கொண்டு நன்றாகவே இருப்பார்கள். சேர்த்துக் கொடுத்தால், தான் வைத்துவிட்டு வந்ததை அவள் தெரிந்தே எடுத்துக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அது இதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. இதுவரை நான் முடிவு செய்தது போதும், வாசகரே, இது உங்கள் பொறுப்பு.

அவர் கையை நீட்டிவிட்டார். வெளியே அவள் வண்டியை அணைக்காமல் காத்திருக்கிறாள். எல்லாத் தாளும் என் கையில்தான் இருக்கிறது. சேர்த்துக் கொடுக்கட்டுமா?