பனிச்சிங்கத்தின் பின்னங்கால்கள்

பல மாநிலத்தவர் சேர்ந்திருந்த சங்கத்தில் அந்த வருடம் எந்தக் குழு எந்த ஆட்டம் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முந்தின கலைவிழாவில் மேடையேறிய குழுக்கள் அத்தனையும் கையில் குச்சியோடுதான் வந்தன. தமிழர்கள் அதைக் கோலாட்டம் என்றார்கள், குஜராத்திகள் தாண்டியா என்றார்கள். பார்த்தவர்களுக்குக் குச்சி என்றாலே அலுத்துப் போயிற்று. அதனால் இந்த முறை யாரும் சொந்த ஊர் ஆட்டத்தை ஆடக் கூடாது என்று சங்கத்தின் செயலாளரான பெண் விதி போட்டாள். ஒருத்தர் ஆட்டத்தை இன்னொருத்தர் கற்றுக்கொண்டால் ஒற்றுமை வளரும் என்பது அவள் எண்ணம்.

சீட்டைப் பிரித்ததும் இருந்த ஒற்றுமையும் கொஞ்சம் குறைந்தது. பாங்ராவிலேயே ஊறிப்போன பஞ்சாப் பேக்கரிக்காரர்களுக்கு ஒயிலாட்டம் விழுந்தது. வரிசையாக நின்று கைக்குட்டையை வீசுவதெல்லாம் ஆட்டமா, யாரையாவது வழியனுப்புகிறோமா என்று கேட்டார்கள். குஜராத்திகளுக்கு அஸ்ஸாமின் பிஹு. செயலாளரின் சொந்தக் குழுவான தமிழர்களுக்கு சிக்கிமின் பனிச்சிங்கம். மறுபடி குலுக்கலாமா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விதி தன்னுடையது என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

சிக்கிமிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். காஞ்சன்ஜங்கா மலையே ஒரு பனிச்சிங்கம் போலத் தெரியும் என்று தங்கள் பக்கம் சொல்வதாகவும், அந்தச் சிங்கத்தைத்தான் வெள்ளை முடியும் நீலப் பிடரியுமாக ஆடுவதாகவும் சொன்னாள். ஒரு சிங்கத்துக்குள் இரண்டு ஆள். முன்னால் இருப்பவர் தலை, பின்னால் இருப்பவர் உடம்பு. தான் பார்த்ததோடு சரி, ஆடியதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தரை துடைக்கும் மாப்பின் நூலை வாங்கி, பிரித்து, பழைய போர்வையில் தைத்து, செயலாளரே சிங்கத்தைச் செய்தாள். சிங்கம் சரியாகத்தான் வந்தது. ஒரே உயரத்தில் இரண்டு ஆண்கள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. குழுவில் அப்படி இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய புருஷன், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் அவளுடைய அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேருக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டைக்குக் காரணம் அவளுடைய அப்பா. அவர் ஃபுட்பால் ரெஃப்ரீயாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மைதானத்தில் பாதிப் பேர் அவருக்குக் கண் தெரியவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் உண்மையிலேயே தெரியாமல் போக ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகன் மட்டும் கடையில் வைத்துப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, டாக்டர்களிடம் அழைத்துப் போனார். கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதும் போகும் என்றார்கள். மருமகன் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் விஷயம் வெளியே வந்தபோது, தெரிந்தே மறைத்தவனோடு இனி எனக்கென்ன பேச்சு என்று மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகனும் ஏன் என்று விளக்கம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும் என்று இருந்துவிட்டார்.

செயலாளர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள். கூட ஆடப்போவது குழுவிலிருந்த ஒரு மருந்துக் கடைக்காரர் என்று இருவரிடமும் பொய் சொன்னாள். ஒத்திகைக்கு வந்து, போர்வையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. திரும்பிப் போயிருப்பார்கள். ஆனால் டியூட்டி முடித்து நேராக வந்திருந்த நர்ஸ் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தாள். அதோடு செயலாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் சிங்கத்துக்குள் போனார்கள்.

பேச்செல்லாம் நர்ஸ் வழியாகத்தான். பின்பக்கம் சீக்கிரம் வருகிறது என்று கண்ணாடிக் கடைக்காரர் அவளிடம் புகார் சொல்வார். முன்பக்கம் நகர்ந்தால்தானே என்று மெக்கானிக் அவளிடம் பதில் சொல்வார். இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி கிடையாது. நர்ஸ் இரண்டையும் மரியாதையாகக் கேட்டு, மரியாதையாக மாற்றிச் சொன்னாள்.

விழா அன்று அரங்கம் நிரம்பியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் மாமனார், அதாவது பழைய ரெஃப்ரீ, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிங்கத்துக்கு மேளம் வாசிக்க ஆள் இல்லாததால் பேக்கரிக்காரர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். மலைச் சிங்கம் கனமாக, நிதானமாக அடி வைக்கும் என்று நர்ஸ் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் நிதானமாகத்தான் தொடங்கினார். கொஞ்ச நேரம் போனதும் கை தன்னால் பாங்ராவுக்குப் போய்விட்டது. சிங்கம் வேறு வழியில்லாமல் ஓட ஆரம்பித்தது. ஓடி, ஒரு தாவு தாவி இறங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"கால் பிடிச்சுக்கிச்சு," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். இடையில் நர்ஸ் இல்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"எந்தக் கால்?"

"வலது."

மெக்கானிக் மண்டியிட்டு முன்னால் ஊர்ந்து, கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார். வெளியே இருந்து பார்த்தவர்களுக்குச் சிங்கத்தின் பின்பாதி முன்பாதிக்குள் போவது தெரிந்தது. சிக்கிமில் அப்படித்தான் போலிருக்கிறது என்று பேசாமல் பார்த்தார்கள். மேளம் நிற்கவில்லை.

உள்ளே இருட்டு. மாப்பு நூல் மூக்கில் குத்தியது. காலைப் பிடித்துக்கொண்டே மெக்கானிக் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை எங்கிட்ட சொல்லல?"

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் காலை நீட்டிக்கொடுத்தார். பிறகு சொன்னார்.

"மாமா சொல்லக் கூடாதுன்னாரு மச்சான். 'அவன் அழுவான். எனக்குக் கண்ணு தெரியற வரைக்கும் நான் அதைப் பாக்க வேண்டாம்'னாரு."

கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் ஒண்ணும் அழ மாட்டேன்," என்றார் மெக்கானிக். நம்பும்படியான குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

"சரி மச்சான்."

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான். வாக்குக் கொடுத்துட்டேன். நீங்க பேச்சை விட்டப்புறம் எப்படி வந்து சொல்றதுன்னும் தெரியல."

முதல் வரிசையில் ரெஃப்ரீ மகளிடம், சிங்கம் என்ன செய்கிறது என்று கேட்டார். உட்கார்ந்திருக்கிறது என்றாள். ஏன் என்றார். தெரியவில்லை, போர்வை மட்டும் குலுங்குகிறது என்றாள். நேரத்தை வீணடிக்கிறார்கள், எழுந்திருக்கச் சொல் என்றார் அவர். பழக்கதோஷம்.

சிங்கம் எழுந்தது. முன்னங்கால் ஒன்று நொண்டியது. அதற்குத் தகுந்தபடி பின்னங்கால்களும் மெதுவாகின. மேளக்காரருக்கு என்ன தோன்றியதோ, அவரும் அடியைக் குறைத்தார். நர்ஸ் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கனமான நடை அப்போதுதான் வந்தது. மேடையை ஒரு சுற்று சுற்றி, தலையைத் தாழ்த்திவிட்டு, சிங்கம் உள்ளே போயிற்று. கைதட்டல் நன்றாகவே இருந்தது.

திரைக்குப் பின்னால் போர்வையை எடுத்தபோது இருவர் தலையிலும் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. மெக்கானிக்கின் கண்கள் சிவந்திருந்தன. நூல் தூசி என்று, யாரும் கேட்காமலே, எல்லோரிடமும் சொன்னார். எங்கள் ஊரில் சிங்கம் இவ்வளவு நேரம் உட்காராது என்று நர்ஸ் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுந்த பிறகு சரியாக இருந்தது என்றாள்.

அடுத்த முறை கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று பேராகப் போனார்கள். வராந்தா பெஞ்சில் ரெஃப்ரீ நடுவில் உட்கார்ந்தார். மகன் ஒரு கையையும் மருமகன் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ரெஃப்ரீ, தன்னை என்ன மைதானத்தை விட்டு வெளியேற்றுகிறார்களா என்று கேட்டு, இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டார்.