கரையாதது

வலது காதுக் கம்மலைக் கழற்றிக் கொடு என்று தாயம்மா அத்தை மூன்றாவது முறை கேட்டபோதும், கலைவாணி நைனாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

நைனா கோதண்டத்தை ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாளாகிறது. கண் திறக்கவில்லை; மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஆசை மனசில் நிற்கிறது, அதனால்தான் தம்பியின் உயிர் போகமாட்டேன் என்கிறது என்றாள் அத்தை. நேற்று மண்ணாசைக்குப் பார்த்தாயிற்று. கள்ளிக்குப்பத்தில் அவர் உழுத நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அத்தையே வாட்ச்மேனிடம் கெஞ்சி, சுற்றுச்சுவரோரம் ஒரு சிட்டிகை மண் சுரண்டி வந்து கரைத்து ஊற்றினாள். இன்று பொன்னாசை. தங்கத்தை உரசிப் பாலில் கொடுக்க வேண்டுமாம்.

“தங்கம் பால்ல கரையாது அத்தே,” என்றாள் கலைவாணி.

அவளுக்குத் தெரியாததா? அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக மின் இணைப்பு ஊசிகளுக்குத் தங்கமுலாம் பூசுகிறவள். துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் மயிரிழையிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. ராஜதிராவகம் மாதிரி கடுமையான அமிலம் ஒன்றிரண்டைத் தவிர எதிலும் கரையாது. வயிற்றிலும் சேராது, போனபடியே வெளியே வரும். ஒருமுறை இதையெல்லாம் சொன்னபோது, கண்ணுக்கே தெரியாத நகையை யாருக்கடி போடுகிறாய் என்று நைனா சிரித்தார்.

அத்தைக்கும் அதையே விளக்கினாள். குரல் உயர்ந்துகொண்டே போனது. அத்தை முடியும்வரை கேட்டுவிட்டு, அவள் முதுகில் கை வைத்தாள்.

“கரையாதுன்னு எனுக்குந் தெரியும்டி. நீதான் அவன வுடமாட்டேங்கற.”

கலைவாணி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். கம்மலின் திருகு இறுகியிருந்தது; கழற்ற நேரமாயிற்று. அத்தையிடம் கொடுக்காமல், சந்தனக் கல்லில் தானே இரண்டு துளி பால் விட்டு உரசினாள். கல்லில் மஞ்சளாக ஒரு கீற்று விழுந்தது. பால் பாலாகவே இருந்தது. அதை விரலால் வழித்துக் கரண்டியில் விட்டு, அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தாள்.

“கரையலன்னா இன்னா நைனா,” என்றாள் காதோரம். “முழுங்கிக்க. நான் பாத்துக்கறேன்.”

அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

மதியம் மூன்றே முக்காலுக்கு மூச்சு நின்றது. அத்தையின் அழுகை கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கலைவாணி பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டாள். மாடித் தொட்டி நிரம்பி, சுவரோரமாக வழிந்து, அவள் காலடியில் ஓடியது. அணைக்காமல், சுவிட்சில் கை வைத்தபடியே நின்றாள்.