இறங்காத விரல்

அனுசுயா கட்டைவிரலை மேலே தூக்கினாள். சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான விரல்கள் கீழே சரிந்தபோது, அவளுடையது மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

"கட்! கட்! யாரும்மா அது, மூணாவது வரிசை?" மைக்கில் டைரக்டர் அலறினார். ரதத்தில் பூட்டிய குதிரைகள் கால் மாற்றிக்கொண்டன.

துவாக்குடிக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரி ஒன்று ஒரு மாதமாக ரோமாபுரியாகியிருந்தது. பிளாஸ்டர் தூண்கள், தெர்மாகோல் கழுகு, எடமலைப்பட்டி புதூரிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பஸ்ஸில் அள்ளிவந்து வெள்ளைத் துணி போர்த்திய ரோமானியர்கள். காட்சி இதுதான்: தோற்ற வீரன் மணலில் கிடப்பான். ஜனங்கள் கட்டைவிரலைக் கீழே காட்டினால் கொல்லலாம் என்று அர்த்தம். விரல்கள் இறங்கியதும் ரதம் பாயும். கடைசி நொடியில் அவன் உருண்டு விலக வேண்டும். ஹீரோ கேரவனில் இருந்தார். கீழே கிடந்தது அவருடைய டூப். முகத்தை மூடிய இரும்புக் கவசத்துக்குள் யார் இருந்தால் கேமராவுக்கு என்ன?

போன டேக்கில் சக்கரம் அவனை உரசிப் போனதை அனுசுயா பார்த்துவிட்டாள். எழுந்தவன் கேடயத்தை எடுக்கப் போனான். இடது கை வரவில்லை. உட்கார்ந்து, வலது கையால் அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், அடுத்த வீட்டுப் பிள்ளையை வைத்திருப்பது போல. பார்த்தவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அந்தக் கையை ஊன்றித்தான் அவன் உருள வேண்டும்.

ஆள் பிடித்துவந்த ஏஜென்ட் ஜேக்கப் படியேறி ஓடிவந்தான்.

"விரலை எறக்குன்னா எறக்க வேண்டியதுதானே? நீ என்ன மகாராணியா, உயிர்ப்பிச்சை போடறதுக்கு?"

"அந்தாளுக்குக் கை ஒடஞ்சிருக்குங்க. டாக்டரக் கூப்பிடுங்க."

"டூப்புன்னா அடிபடத்தான் செய்யும். ஒனக்கென்ன வந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரருங்க அது."

ஜேக்கப் மணலில் கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப அவரே சொல்லட்டுமே?"

"சொன்னா வேற ஆளப் படுக்க வைப்பீங்க. அப்புறம் அவரக் கூப்பிடவே மாட்டீங்க. அதான் வாயத் தொறக்கல."

"ஒன்னையும்தான் இனிமே கூப்பிட மாட்டேன். எறங்கு!" போர்வையைப் பிடித்து இழுத்தான். அது அவன் கையோடு போக, ரோமாபுரியின் நடுவே மஞ்சள் பூனம் சேலையில் நின்றாள் அனுசுயா. விரல் அப்படியே இருந்தது.

"கூப்பிடாதீங்க. எறக்க மாட்டேன்."

பக்கத்தில் ஸ்ரீரங்கத்து மாதுரி. பேங்குக்கு லீவு போட்டுவிட்டு, திரையில் முகம் தெரியும் என்று வந்தவள். "அவ ஆத்துக்காரர் அடிபட்டுக் கெடக்கறார், நாம விரலைக் காட்டிண்டிருக்கணுமா? நன்னாருக்கு சார்!" என்று தன் விரலையும் தூக்கினாள். பின்வரிசையில் ஒரு விரல். அப்புறம் நாலைந்து. எல்லோரும் தூக்கவில்லை, ஆனால் ஷாட்டைக் கெடுக்க அவ்வளவு போதும்.

டைரக்டர் மைக்கை எறிந்தார். குதிரைகளை அவிழ்த்தார்கள். ஆம்புலன்ஸ் மணலில் இறங்கியது.

அனுசுயா ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவசத்தைக் கழற்றியதும் வியர்வையில் நனைந்து வெளிறிய ஒரு முகம் வெளியே வந்தது. ஜேக்கப் சோடாவை நீட்டினான்.

"அண்ணே, ஒங்க சம்சாரம் லேசுப்பட்ட ஆளு இல்ல!"

அந்த மனிதன் திருதிருவென்று விழித்தான்.

ஜேக்கப் நகரும்வரை அனுசுயா காத்திருந்தாள். முந்தானையால் அவன் நெற்றி மணலைத் துடைத்தபடியே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்:

"ஒங்க பேரு என்னங்க?"